மேலே தண்ணீர் புழக்கம்: இல்லை

ராக்வுல் பஞ்சை எப்படி அறுப்பது, கை அரிக்காமல் எப்படிப் பிடிப்பது, அலுமினிய டேப்பைச் சுருக்கம் விழாமல் எப்படி ஒட்டுவது, இதையெல்லாம் நான் உங்களுக்கு எழுதப் போவதில்லை. அதற்கு இசக்கிமுத்து இருக்கிறான். இரண்டு நாள் அவனிடம் திட்டு வாங்கினால் எல்லாம் தானாக வந்துவிடும். ரிட்டயர் ஆகி வீட்டோடு கிடக்கிறவன் எதற்குப் பேனாவை எடுத்தான் என்றால், போன வாரம் டீக்கடையில் உங்கள் பேட்சில் சேர்ந்த ட்ரெய்னி பெண் ஒருத்தி என் முகத்துக்கு நேரே சொன்னாள்: "ஏகாம்பரம் சார் கை வச்ச வேலையில கம்ப்ளெயின்டே வராதாமே!" டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வந்ததம்மா. கம்ப்ளெயின்ட் வந்தது. அதுவும் என் சர்வீஸிலேயே நான் மிகச் சுத்தமாகச் செய்த வேலையில் வந்தது. மற்றவர்கள் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். நான் குளிர் அறை வேலையில் வளர்ந்தவன். ஒரகடம் பக்கம் ஐஸ்கிரீம் வைக்கிற குளிர் அறை ஒன்றுக்கு இன்சுலேஷன் போட்டோம். பைப் நுழைகிற இடத்தில் ஒரு விரல் அளவு இடைவெளியை நான் அடைக்காமல் விட்டுவிட்டேன். மறந்தேன் என்று சொல்ல முடியாது, சோம்பல். ஒரு மாதத்தில் அந்த ஓட்டை வழியாக வெளிக்காற்று புகுந்து, அதிலிருந்த ஈரம் பனிக்கட்டியாகி, சுவர் பேனலையே வெடிக்க வைத்துவிட்டது. அப்போதிருந்த ஃபோர்மேன் என் கையைப் பிடித்து அந்தப் பனிக்கட்டியின் மேல் வைத்து அழுத்தினார். "காத்து பூந்தா தண்ணி பூந்த மாதிரிடா. எறும்பு மூச்சு வுட்டா கூட அந்தாண்ட போவக்கூடாது. மண்டைல ஏறிச்சா?" என்றார். ஏறிச்சு. அன்றைக்கு ஏறியது முப்பது வருஷம் இறங்கவே இல்லை. அதன் பிறகு நான் அடைத்த இடத்தில் ஒரு ஓட்டை கிடையாது. எங்கே போனாலும் முதலில் அடைத்துவிட்டுத்தான் மறுவேலை. அடைக்கக் கூடாத இடம் என்று ஒன்று இருக்கும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் யோசிக்கவில்லை.

ரிட்டயர் ஆவதற்கு இரண்டு வருஷம் முன்பு அந்த வீட்டு வேலை வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் கோயிலை ஒட்டிய தெருவில் பழைய வீடு. கீழே கூடமும் அறைகளும். மாடியில் கான்கிரீட் கிடையாது. மரச்சட்டங்களைக் குறுக்கே போட்டு அதன் மேல் பலகை அடித்த தளம். அதற்கு மேல் நாட்டு ஓடு. வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் சம்பத், கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற, அதாவது ஆழ்வார் பாசுரம் ஓதுகிற, கோஷ்டியில் ஒருவர். நான் அவரைச் சாமி என்றுதான் கூப்பிடுவேன். அவர் மனைவி வைதேகி, ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஃபேக்டரியில் குவாலிட்டி இன்சார்ஜ். அந்த ஃபேக்டரியின் ஏசி குழாய்களுக்கு நாம்தான் இன்சுலேஷன் போட்டிருந்தோம். அதைப் பார்த்துத்தான் அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார்.

மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் அவருக்கு நைட் ஷிப்ட். காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, பகலில் தூங்க வேண்டும். படுக்கிற அறைக்கு மேலே அந்தப் பலகைத் தளம். யாராவது நடந்தால் தலையில் நடக்கிற மாதிரி இருக்கும். பலகை இடுக்கு வழியாகத் தூசி விழும், மேலே ஓட்டுச் சூடு இறங்கும். ஏசி போட்டும் பிரயோஜனம் இல்லை. குளிர்ச்சி எல்லாம் இடுக்கு வழியாக மேலே போய்விடும்.

"சார், எனக்கு அழகெல்லாம் வேண்டாம். பகல்ல ஆறு மணி நேரம் தூங்கணும், அவ்வளவுதான்" என்றார் வைதேகி. "போன மாசம் தூக்கக் கலக்கத்துல ஒரு தப்பான லாட்டுக்கு ஓகே போட்டுட்டேன். லைன்ல இருந்த ஒரு பொண்ணு கண்டுபிடிச்சு நிறுத்தினா. பிரேக்ல போற பார்ட் சார் அது. அன்னிலேர்ந்து படுத்தா அதுதான் ஞாபகம் வரது."

அதைக் கேட்ட பிறகு எனக்கு இந்த வேலையைச் சும்மா செய்ய மனசு வரவில்லை. பிரமாதமாகச் செய்ய வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். அங்கேதான் சனி பிடித்தது.

வேலை தொடங்கும் முன் நிரப்புகிற ஃபாரத்தை எடுத்துக்கொண்டு சம்பத் சாமியிடம் உட்கார்ந்தேன். வயரிங் எப்போது செய்தது, கரையான் உண்டா, மேலே தண்ணீர் புழக்கம் உண்டா என்று வரிசையாகக் கேட்டேன்.

"மேல தண்ணியா? குழாயே கெடையாதே! பலகையில போய் யாராவது தண்ணி விடுவாளா?" என்று சிரித்தார்.

நானும் சிரித்துக்கொண்டே 'இல்லை' என்று எழுதினேன்.

"ஒண்ணே ஒண்ணு ஏகாம்பரம். பத்து மணி வரைக்கும் நான் மடியா இருப்பேன். அதுக்கு முன்னாடி உங்க ஆள் யாரும் மேல வரப்படாது. அப்புறம் நாள் பூரா இருங்கோ, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மடி என்றால் குளித்துச் சுத்தமாக, பூஜை முடியும்வரை யார் மேலும் படாமல் இருப்பது. தெரியாத சமாசாரமா? பென்னலூர்க்காரன் நான், அந்தத் தெருவை ஐம்பது வருஷமாகப் பார்க்கிறவன். சரிங்க சாமி என்றேன். இசக்கியிடமும் கறாராகச் சொல்லிவைத்தேன். ஒரு நாள் கூடப் பத்துக்கு முன் நாங்கள் படியில் கால் வைக்கவில்லை. அந்த மரியாதையில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. பத்து மணிக்கு மேல் ஏறிப் பார்த்தால் பலகை காய்ந்து சுடும். சுவர் ஓரமாக ஒரு மூங்கில் கழி கயிற்றில் தொங்கியது. பழைய வீட்டில் எதுதான் தொங்காது என்று விட்டுவிட்டேன்.

வேலை ஆறு நாள் நடந்தது. கீழேயிருந்து, ஒவ்வொரு சட்டத்துக்கும் இடையில், பலகையை ஒட்டி மேல் பக்கம் ஃபாயில், அதாவது அலுமினியத் தாள், போட்டு, அதைச் சட்டத்தின் இரு பக்கமும் மடித்து இறக்கி டேப் ஒட்டினோம். பிறகு ராக்வுல், அதற்கும் கீழே சீலிங் போர்டு. குளிர் அறைக்கு எப்படிச் செய்வேனோ அப்படியே. மேனேஜர் வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போய் எல்லா சைட்டுக்கும் அனுப்பினார். பத்து நாள் கழித்து வைதேகி ஃபோன் பண்ணினார். "சார், அலாரம் அடிச்சுத்தான் எழுந்தேன்! எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா அலாரம் அடிச்சு நான் எழுந்து?" அன்றைக்கு எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அது ஆடி மாசம். பங்குனியில் மறுபடி ஃபோன். "ரூம்ல ஊறின சாக்கு மாதிரி ஒரு வாசனை சார். சாம்பிராணி போட்டும் போகலை."

நான் போவதற்குள் அங்கே விசாரணை நடந்து தீர்ப்பே ஆகியிருந்தது. ஏசிக்காரர் வந்து, என் மெஷினில் ஒழுகல் இல்லை என்று போய்விட்டார். கார்த்திகை மழையில் ஓடு ஒழுகியிருக்கும் என்று முடிவு கட்டி, ஓடு மாற்றுகிற பெரியவரைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டு, பத்து வரிசை ஓட்டை இறக்கி ஏற்ற வைத்திருந்தார்கள். அவர் என் ஓட்டில் ஒரு சொட்டு இறங்கவில்லை என்று சொல்லிப் பார்த்தும் யாரும் கேட்கவில்லை.

பத்து மணிக்கு நானும் இசக்கியும் போனோம். வைதேகி நைட் ஷிப்ட் முடித்து வந்து, படுக்கத் தயாராக நின்றுகொண்டிருந்தார். கட்டிலைக் கூடத்துக்கு நகர்த்தச் சொல்லிவிட்டு, சுவர் ஓரத்தில் ஒரு சீலிங் போர்டைக் கழற்றினேன். பஞ்சை இறக்கினேன். ஃபாயில் நடுவில் வயிறு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. கத்தியால் டேப்பைக் கீறினேன். ஒரு சொம்புத் தண்ணீர் என் சட்டைக் கைக்குள் இறங்கி விலாவரைக்கும் போயிற்று.

"அண்ணாச்சி, மழ பேஞ்சி மூணு மாசம் ஆச்சே! இதெங்கயிருந்துய்யா வருது?" என்றான் இசக்கி.

ஸ்க்ரூடிரைவரை எடுத்துச் சட்டத்தின் நுனியில், அது சுவருக்குள் போகிற இடத்தில் குத்தினேன். பலமாகக் குத்தவில்லை. கைப்பிடிவரை உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தால் கூடவே ஈரப்பொடியும் கரையானும் வந்தன. பக்கத்துச் சட்டமும் அப்படியே. இசக்கி என் முகத்தைப் பார்த்தான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

வாசலுக்கு வந்து மேனேஜருக்கு ஃபோன் போட்டேன். "ஓடு ஒழுகல்னு எழுதிடுங்க ஏகாம்பரம். நம்ம ஸ்கோப் கிடையாது. போட்டோ எடுத்துக்கிட்டு வந்துடுங்க" என்றார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கேட்டதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. ஆமாம், ஓடுதான், வேறென்ன இருக்கும் என்று நானே என்னிடம் சொல்லிக்கொண்டேன். அன்று சாயங்காலம்வரை அதை நம்பினேன். உங்களுக்கும் இப்படி ஒரு சாயங்காலம் வரும். யாரோ ஒரு காரணத்தை எடுத்துக் கையில் கொடுப்பார்கள், அது உங்கள் கைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும். அப்போது கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

சாயங்காலம் ஓட்டுக்காரப் பெரியவர் தானாக வந்தார். யாரும் கூப்பிடவில்லை. ரோஷக்காரர். சம்பத் சாமியின் அனுமதியோடு என்னை மேலே கூட்டிக்கொண்டு போய், சுவர் ஓரமாக இருந்தால் ஆபத்து என்று படி ஓரமே நிறுத்தி, டார்ச் அடித்து, அவர் இறக்காமல் விட்ட ஓடுகளின் அடிப்பக்கத்தைக் காட்டினார்.

"இன்னா தெரியுது?"

"ஒட்டடை."

"எத்தினி வருசத்து ஒட்டடை பாரு. தூசி புடிச்சி கீது. ஒழுகுற ஓட்டுல ஒட்டடை நிக்குமா? பிச்சிகினு போயிருக்காது? சொல்லு, நீயும் தொழில்காரன்தானே?"

ஓட்டை அவர் ஒரு தடவை பார்த்துக் காட்டிவிட்டார். எட்டு மாசத்தில் நான் அந்த மாடியை ஒரு தடவையாவது அப்படிப் பார்த்தேனா? இல்லை.

மறுநாள் காலையில் சீக்கிரமே போனேன். ஏழேகால் இருக்கும். சம்பத் சாமி குளித்துவிட்டு ஈரத்தோடு நின்றார், படாமல் ஒதுங்கி வழிவிட்டார். "கீழதான் நிக்கப் போறேன் சாமி, மேல வர மாட்டேன். நீங்க பாத்து கால் வைங்க" என்றேன். அவர் படியேறிப் போனார். நான் கழற்றிய போர்டுக்கு நேர் கீழே தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். மேலே பாசுரத்தை முணுமுணுக்கிற சத்தம். பிறகு துணி உதறுகிற சத்தம்.

என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு கன்னத்தில் ஒன்று. அப்புறம் வரிசையாக விழ ஆரம்பித்தது.

"சாமி! மேல இன்னா பண்றீங்க?" என்று கத்தினேன்.

"மடி உணத்தறேன். ஏன்?"

தினமும் குளித்ததும், தானே துவைத்த வேட்டியையும் பெருமாள் வஸ்திரத்தையும், வேறு யார் கையும் படாத உயரத்தில், அந்த மூங்கில் கழியில் போடுகிறார். அவர் அப்பாவும் அங்கேதான் போட்டார். நீர் சொட்டும். பலகை இடுக்கில் இறங்கும். கீழே காற்றோட்டம் இருந்ததால் வெயில் ஏறுவதற்குள் காய்ந்துவிடும். பத்து மணிக்குள் துணியும் காய்ந்து, மடித்து எடுத்துப்போய்விடுவார். நாங்கள் மரியாதையாகப் பத்து மணிக்கு மேல் ஏறுவோம். அவரைக் கேட்டால் மேலே தண்ணீரே கிடையாது. அவர் பொய் சொல்லவில்லை. குழாயும் குடமும் அவருக்குத் தண்ணீர், மடித்துணி மடித்துணி. நான் என்ன செய்தேன் என்றால், ஒவ்வொரு சட்டத்துக்கு இடையிலும் சொட்டு வெளியே போகாத தட்டு ஒன்றைச் செய்து, டேப் ஒட்டி, எட்டு மாசம் அந்த நீரைச் சட்டத்தின் நுனிக்கு ஊட்டியிருக்கிறேன். கொஞ்சம் மட்டமாக டேப் ஒட்டியிருந்தால் ஒரு வாரத்தில் கட்டிலில் சொட்டியிருக்கும், கண்டுபிடித்திருப்போம். அந்தப் பாழாய்ப்போன டேப் ஓர் இடத்தில்கூட விடவில்லை.

அந்த நேரம் பார்த்து வைதேகி வந்துவிட்டார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை. என் முகத்தில் தண்ணீர் வடிவதைப் பார்த்தார். சம்பத் சாமியும் படியில் பாதி இறங்கி நின்றார். நடந்ததைச் சொன்னேன்.

"சார், ஃபேக்டரில ஏதாவது தப்பு வந்தா அஞ்சு தடவை ஏன்னு கேப்போம். பழக்க தோஷம், கோவிச்சுக்காதீங்கோ" என்றார். "நூறு வருஷமா சொட்டியிருக்கு. இப்ப மட்டும் ஏன் மரம் போச்சு?"

"முன்னெல்லாம் காஞ்சிடும்மா. இப்ப காயல."

"ஏன் காயலை?"

"கீழ ஃபாயில் போட்டு அடைச்சிட்டோம்."

"ஏன் அடைச்சேள்?"

"மேல தண்ணி இல்லைன்னு நெனச்சோம்."

"ஏன் அப்படி நெனச்சேள்?"

நான் வாயைத் திறப்பதற்குள் சம்பத் சாமி சொன்னார். "நான்தான் வைதேகி இல்லேன்னு சொன்னேன். அவர் கேட்டார். ஃபாரத்துலகூட எழுதிண்டார்."

பாருங்கள், கதவைத் திறந்து வைத்து, போய்க்கொள்ளுங்கள் என்கிறார் மனுஷர். ஃபாரத்தில் அவர் கையெழுத்தும் இருக்கிறது. தலையை ஆட்டிவிட்டு நின்றிருந்தால் போதும். ஒரு நிமிஷம் நான் அதை யோசித்தேன், யோசிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். அந்த அம்மா கண் சிவந்து, இரவெல்லாம் நின்ற காலோடு, பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் வெட்கமாகப் போய்விட்டது.

"சாமி மேல தப்பு இல்லம்மா. குழாய் கீதான்னு கேக்கறேன்னு நெனச்சி சொன்னாரு. பத்து மணி வரைக்கும் மேல அவரு இன்னா பண்றாருன்னு நான் கேக்கவே இல்ல. கேட்டிருக்கணும். என் தப்புதான்" என்றேன்.

அதோடு முடிந்ததா? முடியவில்லை. கஷ்டமான பகுதி அதற்கு மேல்தான்.

நாலாம் நாள் சித்திரை உற்சவம் ஆரம்பம். வெளியூரிலிருந்து கோஷ்டிக்கு வருகிற பன்னிரண்டு பேர் வருஷா வருஷம் அந்த மாடியில்தான் தங்குவார்கள். சம்பத் சாமியின் தாத்தா காலத்திலிருந்து அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த பாக்கியம் அது. பத்து நாளும் விடியற்காலை அந்தப் பலகைமேல் உட்கார்ந்து சேவித்துவிட்டுத்தான் கோயிலுக்குக் கிளம்புவார்கள்.

"பத்து நாள் மட்டும் பொறுத்துக்கோங்கோ ஏகாம்பரம். உற்சவம் ஆகட்டும், அப்புறம் பிரிச்சுக்கலாம். கீழ யாரையும் படுக்க விடலை. போறுமோல்லியோ?"

மேனேஜரும் ஃபோனில் அதைத்தான் சொன்னார். நாலு ஜாக்கி முட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள், விசேஷ நேரத்தில் வம்பு வேண்டாம் என்றார். எத்தனை சட்டம் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இரண்டைத்தான் குத்திப் பார்த்திருந்தேன். மீதி நன்றாகவும் இருக்கலாம். முட்டுக் கொடுத்தால் தாங்கவும் தாங்கலாம். தாங்கலாம், தாங்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். பன்னிரண்டு பேரை நினைத்தால் அந்த வார்த்தை நிற்கவில்லை.

"முடியாது சாமி" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. அதுவரை நான் அவரைக் கோபமாகப் பார்த்ததில்லை. "என்ன பேசறேள்? இந்தத் தளத்துல அம்பது பேர் ஒக்காந்து சேவிச்சிருக்கா! ஒரு பலகை அசைஞ்சதில்லை!"

"அது நான் வர்றதுக்கு முன்னாடி சாமி."

சம்பத் சாமி மிச்சப் படியும் இறங்கி வந்து, படிக்கட்டுக் கதவைச் சாத்திப் பூட்டி, சாவியைத் தரையில் வைத்தார். "நீங்களே எடுத்துண்டு போயிடுங்கோ. என்கிட்ட இருந்தா நான் மேல போயிடுவேன்" என்றார். அந்தச் சாவியைக் குனிந்து எடுத்தேனே, முப்பது வருஷத்தில் அவ்வளவு கனமான சாமானை நான் தூக்கியதில்லை.

அந்த வருஷம் பன்னிரண்டு பேரும் எதிர்வீட்டில் தங்கினார்கள். சம்பத் சாமி வாசலில் நின்று அவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போய் விட்டதை நான் பார்த்தேன். பிறகு இரண்டு மாசம் அவர் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நியாயம்தான், என்ன சொல்ல முடியும்?

உற்சவத்தின் மூன்றாம் நாள் வல்லக்கோட்டையிலிருந்து தச்சரை வரவழைத்துத் தளத்தைப் பிரித்தோம். முட்டுக் கொடுத்துவிட்டு, தச்சர் மூன்றாவது சட்டத்தை நெம்பப் போனார். கடப்பாரையை வைத்தார், அழுத்தவில்லை. சட்டத்தின் நுனி சுவரிலிருந்து தானாகக் கழன்று, இரண்டு பலகையோடு கீழே விழுந்தது. "எம்மாடி!" என்று இசக்கி பின்னால் தாவினான். தூசி அடங்கியதும் பார்த்தால், அது விழுந்து கிடந்தது கட்டிலின் தலைமாடு இருந்த இடம். சிமெண்டுத் தரையில் கட்டில் கால் தேய்ந்த தடம் அப்படியே தெரிந்தது. ஐந்து சட்டம் போயிருந்தது. மொத்தம் ஒன்பதில் ஐந்து.

ரிப்போர்ட்டில் ஓடு ஒழுகல் என்று நான் எழுதவில்லை. நடந்ததை எழுதி என் பெயரைப் போட்டேன். மேனேஜர் ஒரு வாரம் என்னைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஓட்டுக்காரப் பெரியவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பத்து வரிசை சும்மா எறக்கி ஏத்துனேன், முட்டி இன்னும் வலிக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இப்போது உங்கள் ஃபாரத்தில் கடைசியாக ஒரு கேள்வி இருக்கிறதே, 'காலையில் எழுந்ததிலிருந்து இந்த இடத்தில் என்னென்ன செய்வீர்கள்?' என்று, அதைப் படித்துவிட்டு நீங்கள் எல்லாரும் சிரிக்கிறீர்கள் என்று இசக்கி சொன்னான். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் கேளுங்கள். அவர்கள் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசாதீர்கள்.

சட்டங்களை மாற்றி, இந்த முறை ஃபாயில் இல்லாமல், பலகைக்கும் பஞ்சுக்கும் நடுவே ஒரு சாண் காற்றுக்கு விட்டு, வலை கட்டிப் பஞ்சை வைத்தோம். மூங்கில் கழிக்குக் கீழே வைக்க, ஏசி டக்ட் செய்கிற தகட்டிலேயே நீளமாக ஒரு தொட்டி மடித்து, நீர் சுவர் வழியாக வெளியே போகிற மாதிரி இசக்கி செய்துகொடுத்தான். சம்பத் சாமி அதை ஒருமுறை கழுவி, தன் கையாலேயே கொண்டுபோய் மேலே பொருத்திக்கொண்டார். அவர் என்னோடு மறுபடி பேசியது அன்றைக்குத்தான். "சரியா வாட்டம் இருக்கு" என்றார்.

ஒரு மாசம் கழித்து, எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். அறையில் வாசனை இல்லை. போர்டு காய்ந்திருந்தது. ஆனால் முன் மாதிரி அடைப்பு இல்லையே, மேலே யாரோ நடக்கிற சத்தம் லேசாகக் கேட்டது. வைதேகி கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அது நைட் ஷிப்ட் வாரம். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"தூக்கம் எப்படிம்மா?" என்று கேட்டேன்.

"பரவாயில்லை சார். ரெண்டு மூணு மணி நேரம் வரது. அப்புறம் முழிப்பு வந்துடறது, மேல பார்த்துண்டே படுத்திருப்பேன்." கொஞ்சம் நிறுத்தினார். என்னைக் குத்திக் காட்டுகிற மாதிரி இல்லை, யோசித்துச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். "ஆனா ஒண்ணு சொல்லணும் சார். அந்த எட்டு மாசம் தூங்கினேன் பாருங்கோ, கல்யாணம் ஆகி இந்த ஆத்துக்கு வந்து பதினேழு வருஷத்துல அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கினதே இல்லை."

வரேன்மா என்றுகூடச் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பி, ஹைவே ஏறி, பென்னலூர் வளைவு வந்த பிறகுதான் ஹெல்மெட் போடவில்லை என்பதே தெரிந்தது. அது இன்னும் அவர்கள் வீட்டு வாசலில்தான் இருந்தது.